மைனஸ் முப்பத்துநான்கு

வின்னிபெக்கில் காருக்கும் ஒரு வால் உண்டு,
முன்பக்கம்.
பல்லிடுக்கில் தொங்கும் கறுப்பு வயர்.
இரவில் அதைக் கம்பத்துச் சாக்கெட்டில் செருகிவைக்க வேண்டும்.
வண்டி ஓடுவதற்கு அல்ல,
விடிவதற்குள் எஞ்சின் உறைந்து சாகாமலிருக்க.

திங்கள், புதன், வெள்ளி
காலை ஆறு மணிக்கு
ரசல்ராஜின் இரத்தத்தை வெளியே எடுத்து
கழுவித் திருப்பிக் கொடுக்கிறார்கள்.
நான்கு மணிநேரம்.
பக்கத்து நாற்காலியில் நான்
பள்ளி கேன்டீன் கணக்கைப் பார்ப்பேன்,
அல்லது வாய் திறந்து தூங்குவேன்.
மூன்றாவது வருஷம் இது.
சிறுநீரகப் பட்டியலில் எங்கள் பெயர்
எத்தனையாவது படியில் நிற்கிறதென்று
யாரும் சொல்வதில்லை.

முதல் வருஷம் உபவாசம் இருந்தேன்.
வெள்ளிதோறும் பச்சைத்தண்ணீர்,
பொருத்தனைமேல் பொருத்தனை.
இரண்டாம் வருஷம்
கால்கரியிலிருந்து வந்த ஒரு சகோதரர்
எங்கள் சோபாவில் உட்கார்ந்து கண்ணை மூடி
"இந்த வீட்டில் விசுவாசம் குறைவாயிருக்கிறது" என்றார்.
சர்க்கரை இல்லாத டீ கொடுத்து அனுப்பினேன்.
அவர் கேட்டது இரண்டு ஸ்பூன்.

லூத்தரன் கோயிலின் அடித்தளத்தில்
ஞாயிறு இரண்டரைக்கு எங்கள் தமிழ் ஆராதனை.
பதினாலு பேர், ஒரு கீபோர்டு,
மணிக்கணக்கில் வாடகை.
பாஸ்டர் வாரநாட்களில் டாக்ஸி ஓட்டுகிறார்.
ஒருமுறை வாசலில் வைத்துக் கேட்டார்:
"அக்கா, நீங்க நேரத்துக்குச் சாப்பிடுறீங்களா?"
அன்றைய பிரசங்கம் ஞாபகமில்லை.

பிறகு அந்த ஜனவரிப் புதன்.
வயரைச் செருக மறந்துவிட்டேன்.
ஐந்து பத்துக்குச் சாவியைத் திருப்பினால்
யாரோ தொண்டையைச் செருமுவதுபோல் ஒரு சத்தம்,
அப்புறம் அதுவும் இல்லை.
பக்கத்தில் ரசல்,
இரண்டு கம்பளிக்குள், வீங்கிய காலோடு.
அவர் மூச்சு கண்ணாடியில்
பூப்பூவாய் உறைகிறது.

அப்போது திட்டினேன்.
ஜெபம்பண்ணும் தமிழில் இல்லை,
குளச்சல் மீன்சந்தைத் தமிழில்.
என்ன ஓய் நெனச்சிருக்கீரு?
அன்னைக்குப் புயலில் படகிலே தூங்கினீரே,
தலையணை வேற வச்சுக்கிட்டு,
இன்னும் எழும்பலையா?
தூங்குறதுக்கு எங்க ஓட்டைப் படகுதான் கெடச்சுதா?
இந்த மனுஷன் உம்ம கோயிலுக்குப் பெயின்ட் அடிச்சாரே,
கூலி வாங்காம,
அது ஏதாவது கணக்கில இருக்கா?

சொல்லித் தீர்ந்தது.
வண்டிக்குள் குளிர் மட்டும் மிச்சம்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில்
வாய்விட்டு ஒரு ஜெபம் சொல்லாத மனுஷன்
பக்கத்து சீட்டிலிருந்து
மெதுவாகச் சொன்னார்:
"ஆமென்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
மூக்கு ஒழுக, இமைகள் ஒட்டிக்கொள்ள
இரண்டுபேரும் சிரித்ததில்
செத்த வண்டி குலுங்கியது.

தேவதூதன் வரவில்லை.
கீழ்வீட்டு ரொடெல் வந்தான்,
இரவு ஷிஃப்ட் முடித்து, இறைச்சி ஆலையின் வாடையோடு.
கேட்காமலே தன் வண்டியை
மூக்கோடு மூக்கு நிறுத்தி,
சிவப்பு வயரும் கறுப்பு வயரும் கவ்வவைத்து,
தன் பேட்டரியிலிருந்து கொஞ்சம் எங்களுக்குத் தந்தான்.
சிலுவைக்குறி போட்டுக்கொண்டு
சாவியைத் திருப்பச் சொன்னான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்,
ரசலுக்கு இன்னும் சிறுநீரகம் கிடைக்கவில்லை.
அதை விட்டுவிட்டு யாரும் இதைச்
சாட்சி நேரத்தில் வாசிக்கக் கூடாது.

பொருத்தனைகளை நிறுத்திவிட்டேன்.
இரவு பத்துக்குப் பூட்ஸ் மாட்டி இறங்குகிறேன்.
வயரின் நுனி பம்பருக்கடியில்
பனிக்குள் புதைந்து கிடக்கும்,
எடுக்க முழங்காலில் நிற்க வேண்டும்.
எப்படியும் நிற்கிறேனே என்று
இரண்டு வார்த்தை பேசிவிடுகிறேன்,
சந்தைத் தமிழிலேயே.
செருகியதும் உள்ளே எங்கோ
கேட்டும் கேளாமலும் ஒரு முனகல்,
எண்ணெய் இளகுகிற சத்தம்.

மேலே வந்தால் ரசல்
என் முழங்காலில் ஒட்டிய பனியைப் பார்த்து
"என்ன சொன்னார்?" என்பார்.

"காலையில் பார்த்துக்கலாம்னார்" என்பேன்.