எட்டாவது விளக்கு

தூரம் அளக்கும் கருவி இரண்டு நாளாய்ப் பழுது.
அதனால் இன்று நான்தான் கருவி.
தீயணைப்பு வண்டியை மஞ்சள் கட்டத்தில் நிறுத்தி
இறங்கி நின்று
ஓடுபாதையின் எதிர்க்கரை விளக்குகளை எண்ண வேண்டும்.
ஊகிக்கக் கூடாது.
எட்டாவது விளக்கு அங்கேதான் இருக்கிறது, எனக்குத் தெரியும்,
போன மாதம் அதற்கு பல்பு மாற்றியவளே நான்.
தெரியும். ஆனால் தெரியவில்லை.
விதிப்புத்தகம் இரண்டாவதைத்தான் கேட்கிறது.

ஆர்க்னியில் இதை ஹார் என்போம்.
கடலிலிருந்து கரையேறும் பனி,
நனைந்த ஆட்டு மயிரின் வாசம்.
காற்று ஓயாத தீவு இது,
காற்று ஓய்ந்த நாளில்தான் எங்களுக்குப் பயம்.

வயர்லெஸ்ஸில் எர்லண்ட்:
"மெர்ரன், எண்ணிச் சொல்லு.
ஆம்புலன்ஸ் விமானம் பன்னிரண்டு மைலில்."
குரலில் எதுவும் இல்லை.
இருக்கக் கூடாது என்பதும் ஒரு விதி, யாரும் எழுதி வைக்காதது.

எட்டு என்றால் ஐந்நூற்றைம்பது மீட்டர், விமானி வரலாம்.
இருநூறு அடி வரை இறங்கிப் பார்க்கலாம்,
விளக்கு தெரிந்தால் தரை, தெரியாவிட்டால் வானம்,
நடுவில் யோசிக்க இடமில்லை.
ஏழு என்றால் நானூற்றுத் தொண்ணூறு.
ஆயிரம் அடியிலேயே திரும்பிவிட வேண்டும்,
கீழே யார் காத்துக் கிடந்தாலும்.

காத்துக் கிடந்தது சிகர்ட் லிங்க்லேட்டர்.
வாயிற்கதவுக்கு அருகே, வேனுக்குள், மார்பெல்லாம் ஒயர்.
பன்னிரண்டு வருடமாய் நான் பேசாத மனிதன்.
ஒரு வேலி. இரண்டடி நிலம்.
வக்கீலுக்கு நாங்கள் கொட்டிய காசில்
தீவைச் சுற்றியே வேலி போட்டிருக்கலாம்.

எண்ணினேன்.
ஒன்று, இரண்டு, மூன்று திடமாக.
நான்கு, ஐந்து, பால் அதிகமான தேநீரின் நிறத்தில்.
ஆறு.
ஏழு மங்கல்தான், ஆனாலும் ஏழு.
எட்டு
எட்டவில்லை.

இரண்டாம் முறை எண்ணினேன்,
வெறுப்பு ஒன்றைக் கழித்துவிட்டதோ என்று.
மூன்றாம் முறை,
இரக்கம் ஒன்றைக் கூட்டிவிடுமோ என்று,
இன்னும் மெதுவாக.
எட்டாவது இடத்தில் ஒரு வெளுப்பு.
வேண்டுமென்று பார்த்தால் விளக்கு.
வேண்டாமென்று பார்த்தால் பனி.
வேண்டுதல் இல்லாமல் பார்க்க
முகத்தைத் துடைத்துக்கொண்டேன், கையுறையால்,
அதுவும் ஈரம்.

"ஏழு" என்றேன்.
"ஏழு" என்றான் எர்லண்ட், என்னிடம் அல்ல, மேலே.

சத்தத்துக்கு மூடுபனி கிடையாது.
விமானம் நெருங்கியது,
கனத்தது,
தெற்கே திரும்பித் தேய்ந்தது.
வேனுக்குள்ளும் கேட்டிருக்கும்.
யாரும் கதவைத் திறந்து என்னைப் பார்க்கவில்லை.
பார்த்திருந்தாலும் தெரிந்திருக்க மாட்டேன்.

பிறகு ஏழு. ஐந்து. ஐந்து. ஆறு.
ஃபிளாஸ்க் காலி.
எங்கோ ஒரு பறவை ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டது.
நாலேகாலுக்கு, யாரோ பெட்ஷீட்டை இழுத்ததுபோல்,
ஒன்பது.
சொல்லும்போது குரல் உயர்ந்துவிட்டது.
எர்லண்ட் கவனிக்காதவன்போல் வாங்கிக்கொண்டான்.
பதிவேட்டில் நேரத்துக்கு ஒரு கட்டம், எண்ணிக்கைக்கு ஒரு கட்டம்.
கையெழுத்து என்னுடையதுபோலவே இல்லை.

மூன்று வாரம் கழித்து, கூட்டுறவுக் கடை வரிசையில்
எனக்கு முன்னால் ஆஸ்லா லிங்க்லேட்டர்.
திரும்பினாள்.
"அன்னைக்கு எத்தனை தெரிஞ்சது?"
"ஏழு."
கூடையைக் கை மாற்றிப் பிடித்தாள்.
"எட்டுன்னு சொல்றார் அவர்.
வேன் ஜன்னல் வழியா எண்ணினாராம்."
"மல்லாந்து படுத்துக்கிட்டா?"
"அதான் நானும் கேட்டேன்."

வெண்ணெய், பிஸ்கட், அரை டஜன் முட்டை.
பன்னிரண்டு வருடத்தில்
அவன் எனக்குச் சொல்லியனுப்பிய முதல் வார்த்தை:
எட்டு.