ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே

மின்தூக்கி நின்றபோது மணி ஏழு நாற்பத்தொன்று.
ஆறைத் தாண்டியிருந்தது, ஏழு வரவில்லை.
என் கையில் பேரங்காடிப் பை,
உள்ளே உறைய வைத்த இறால்.
எதிரே யுகேந்திரன்.

அவன் பதினோராம் மாடி. நான் பதிமூன்று.
பதினாறு வயது, மேலுதட்டில்
எழுதி அழித்த பென்சில் கோடுபோல மீசை.
வலது கணுக்காலில் கறுப்பு வளையம்.
காலுறையை இழுத்து மூடியிருக்கிறான்,
மூடியதால்தான் தெரிகிறது.

எட்டு மணிக்குள் அவன் வீட்டில் இருக்க வேண்டும்.
ஈசூனில் எங்கள் புளோக் முழுவதற்கும் இது தெரியும்.
எட்டடித்ததும் அவன் வீட்டில் விளக்கு எரிகிறதா என்று
எட்டிப் பார்ப்பவர்கள் உண்டு.
நானும்.

அபாய மணியை அழுத்தினான்.
ஒரு குரல் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டு
அரை மணி நேரம் என்றது.
"ஆன்ட்டி, உங்க போன்ல லைன் இருக்கா?
என்னோடது செத்துப்போச்சு."

என் போன்.
இதே போன்தான், மூலையில் கீறல்.
முந்தின வருடம் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு
நடைவழியில் குனிந்து நின்று
மூன்று முறை ஒன்பதை அழுத்தினேன்.
கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்துக் கல் மேசையைச் சுற்றி ஆறு பேர்,
ஒரு பையன் தரையில்,
இவன் கையில் சைக்கிள் சங்கிலி.
மணி ஒன்பது ஐந்து.
ஒன்பதே காலுக்கு ஷர்மினி டியூஷன் முடிந்து
அந்த வழியாகத்தான் வருவாள்.
அவ்வளவுதான் என் கணக்கு.
நியாயம் என்று எதையும் நான் யோசிக்கவில்லை.

அடிபட்டவனுக்கு ஒரு கண் மங்கல் என்று பிறகு சொன்னார்கள்.
இவனை வண்டியில் ஏற்றும்போது பள்ளிச் சட்டை போட்டிருந்தான்.
பெயர்ப்பட்டை கோணாமல் தைத்திருந்தது.

பதினோரு மாதம் இல்லத்தில்.
சனிக்கிழமைகளில் அவன் அம்மா ஒரு பையோடு இறங்குவாள்,
மாலையில் அதே கனத்தோடு ஏறுவாள்.
என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.
நான் மாடி எண்கள் மாறுவதைப் பார்ப்பேன்.

அதிகாரியின் எண்ணைச் சொன்னான்.
எட்டு இலக்கமும், வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல, மூச்சு விடாமல்.
இரண்டு முறை எடுக்கவில்லை.
மூன்றாவது முறை மணி அடிக்கும்போது
"நீங்களே பேசுங்க ஆன்ட்டி.
நான் சொன்னா கதைன்னு நினைப்பாங்க."

பேசினேன்.
என் பெயர் என்ன, எந்த புளோக், எந்த மாடி,
என்ன பார்த்தீர்கள்.
அன்றிரவும் இதையேதான் கேட்டார்கள்.
அன்று பெயர் வேண்டாமே என்றேன்.
இன்று எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.

ஏழு ஐம்பத்தெட்டு.
தரையில் உட்கார்ந்துவிட்டான்.
இறால் தண்ணீர் சொட்டி அவன் காலணிப் பக்கம் ஓடியது.
காலை நகர்த்தவில்லை.

"அன்னைக்குப் போலீசுக்குப் போட்டுக் குடுத்தது
நாலாம் மாடி லிம் அங்கிள். அவருக்கு எல்லாமே கம்ப்ளைன்தான்.
உள்ள இருந்தப்ப தினம் யோசிப்பேன்,
அவர் கதவுல என்ன எழுதலாம்னு. பெயிண்ட் கலர்கூட.
வந்து பாத்தா ஆளே இல்ல.
நுரையீரல்ல என்னமோ வந்து போய்ட்டாராம்.
இப்ப அந்த வீட்ல ஒரு பாப்பா இருக்கு."

அவனே சிரித்துக்கொண்டான்.
என் தொண்டையில் ஒரு சொல் ஏறி வந்தது.
வந்து, நின்றது.
லிம் பாவம், பூனைகளுக்குச் சோறு வைப்பார்.

எட்டு பன்னிரண்டுக்கு ஓர் உலுக்கல்.
பதினொன்றில் கதவு திறந்தபோது அவன் அம்மா
செருப்பில்லாமல் நின்றிருந்தாள்,
உள்ளே ஏதோ விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.
"லிஃப்ட்தான் மா, லிஃப்ட்தான்" என்று ஓடினான்.
பாதி வழியில் திரும்பி "தேங்க்ஸ் ஆன்ட்டி."

பதிமூன்றில் ஷர்மினி கதவைத் திறந்தாள்.
"ஏன் லேட்டு?"
"லிஃப்ட்டு" என்றேன்.

இறாலை உரித்துக் கழுவிவிட்டு
சமையலறை ஜன்னலுக்கு வந்தேன்.
கீழே இரண்டாவது வீட்டு வெளிச்சம்
துணிக் கம்புகளில் விழுந்திருந்தது.
இன்று பார்க்க வேண்டியதே இல்லை.
பார்த்தேன்.