பாதை

கைநூல், பதினோராம் பக்கம்:
ஒரு நினைப்பை மீண்டும் மீண்டும் நினைத்தால்
மூளைக்குள் ஒரு பாதை உண்டாகிறது.
பக்கத்தில் படம். பைன் மரக் காடு, ஒற்றையடித் தடம்.
மண்டூரில், ஆண்டு ஐந்துக்கு, சத்தமாக வாசித்தேன்.

லிதுர்ஷன் கை உயர்த்தவில்லை, எழும்பியே விட்டான்.
"மூளைக்குள்ள பாதையா மிஸ்?
அப்ப எஞ்சின் எங்க பூட்டியிருக்கு?"

வகுப்பு சிரித்தது. எனக்குப் பிடிபடக் கொஞ்சம் நேரமானது.
இந்தக் கரையில் பாதை என்றால் மிதப்பது.
இரும்புத் தளம், டீசல் மணம்,
ஏழு மோட்டார் சைக்கிள், ஒரு கட்டுப் பாய்.
குருமண்வெளியில் இருந்து காலையில் நானும்
அதில்தான் வந்தேன்,
காற்றுக்குச் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி.

காட்டுத் தடத்தை மூடி வைத்தேன்.
"சரி, அந்தப் பாதைதான். ஆர் ஆர் ஏறுறது?"

பயம் ஏறும். வெட்கம் ஏறும்.
தம்பி பிறந்த பிறகு வந்த ஒரு கோபம், பெயர் தெரியாதது, ஏறும்.
"எனக்குக் கணக்கு ஒருநாளும் வராது" ஏறும்,
கிருத்திகன் தானே சொன்னான்,
"அது ஒவ்வொரு நாளும் வரும் மிஸ்,
அதுக்கு சீசன் டிக்கட் இருக்கு."

அடுத்த பக்கத்தில் வாதுமைக் கொட்டை அளவில்
ஆபத்தை மோப்பம் பிடிக்கும் ஓர் உறுப்பு.
வாதுமையை ஒருவரும் கண்டதில்லை. கஜு அளவு என்றேன்.
டிதுஷா கஜுவுக்கு மேல் ஒரு பரண் கீறினாள்,
பரணில் தன் அப்பா.
வேளாண்மைக்குக் காவல். ராவில் பத்தை அசைந்தால்
யானைவெடி கொளுத்துவார்.
"ஒருக்கா எங்கட எருமைக்கே போட்டுட்டார்.
மூணு நாள் அது பால் தரல்ல."
"அப்ப வெடி போட்டது பிழையா?"
"யானையா இருந்தா? போடத்தானே வேணும்.
மறுகா டோர்ச் அடிச்சுப் பாக்கணும்."

கைநூலில் இதற்கு மூன்று பக்கமும் ஓர் அட்டவணையும்.

சபேஷ்னா ஒன்றும் கீறவில்லை.
இடைவேளை மணி அடித்த பிறகு மேசையடிக்கு வந்தாள்.
"அப்பா வெள்ளிக்கிழமை கோல் எடுக்கல்ல.
நான் சைக்கிள் கேட்டதால."
அப்பா கட்டாரில்.
பிறர் மனதை வாசித்தல் என்று இதற்கு ஒரு பெயர் உண்டு,
தொண்டை வரை வந்ததை விழுங்கினேன்.
"டோர்ச் அடிப்பமா?"

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அவளே எழுதினாள்.
ஓவர்டைம்.
காட் முடிஞ்சிருக்கும்.
நித்திரை.
நாலாவதாக, நுணுக்கி நுணுக்கி: கோபம்.

அழிக்கச் சொல்லவில்லை.
இருட்டில் சில நேரம் யானையும் நிற்கும்.
"கோபமாவே இருந்தா?"
"ஆறினதும் எடுப்பார்" என்றாள்,
பணிஸ் முடிந்துவிடும் என்று ஓடினாள்.

மூன்று மணி. துறையில் நிற்கிறேன்,
படுவான்கரை வெயில் முதுகில்.
அவர்கள் சிரித்த நேரம் பார்த்து
அதிபர் யன்னலோரம் போனார்.
உள்ளே பார்த்தார். தலை ஆட்டவில்லை.
வகுப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாதவள் என்று நினைத்திருப்பார்.
வலயத்துக்கு எழுதுவார்.
அடுத்த மாதம் வேறு ஆள் வருவா,
கரையோரச் சேலையும் கடும் குரலுமாக.
அவவின் பெயர் மட்டும்தான் எனக்கு இன்னும் தெரியவில்லை.

பாதை வந்து கரையில் முட்டியது.
ஐஸ் பெட்டி இரண்டு, கயிற்றில் ஓர் ஆடு.
"ஏறுங்க மிஸ், எடுக்கப் போறம்."

"நீங்க போங்க. நான் அடுத்ததில வாறன்."

எஞ்சின் இருமி, பிடித்து, போனது.
ஆடு மட்டும் கடைசி வரை என்னையே பார்த்தது.
அது நடு ஆற்றைத் தாண்டும்போதுதான் ஞாபகம் வந்தது,
அதிபரின் கண்ணாடி
நெற்றியில் ஏற்றிக் கிடந்தது.

அது ஒன்று.
இரண்டாவதைத் தேடுகிறேன்.