திம்பம், விநாடிக்குப் பதினாலு படம்

பெருமாநல்லூர் ரோட்டில்
கடைசி ஓவர்டைம் வேனும் போனபிறகு
மேஜையில் படிந்த பஞ்சுத்தூசியைத் துடைத்து
மேக்கைத் திறக்கிறேன்.
பகலில் இது பையிங் ஆபீஸ் சொத்து.
ஜெர்மனிக் குழந்தையின் சட்டைக் காலர்
இரண்டு மில்லி நகர்ந்ததா என்று
நாளெல்லாம் இதில்தான் பார்க்கிறேன்.
ஒன்பது மணி மாத்திரை போட்டாச்சு.
பதினொன்றுக்கு மேல் இது என் பஸ் ஸ்டாண்டு.

வாங்கும்போதே போட்டிருந்தது:
விண்டோசுக்கு மட்டும்.
'மட்டும்' என்கிற சொல்லோடு
எனக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு.

"ஏனுங்க்கா, செகண்ட்சுல பன்னெண்டாயிரத்துக்கு
வேற மிஷினே கெடைக்குதல்லொ"
என்றான் கார்வேந்தன், பீளமேட்டிலிருந்து போனில்.
எனக்கு இதில்தான் ஓட்டோணும் என்றேன்.
கொஞ்சநேரம் பேச்சில்லை.
"அப்ப நடுவுல ஒரு ஆள வெக்கோணுங்க்கா."

நடு ஆள் திருப்பூருக்குப் புதுசா?
பஸ் கேட்பதை மேக்குக்குப் புரிகிறாற்போல் சொல்லி
மேக் சொல்வதை பஸ்ஸுக்குக் கோபம் வராமல் மாற்றி
இரண்டு பக்கமும் தலையாட்டும் ஒரு சின்ன மென்பொருள்.
சொல்லுக்குச் சொல் கமிஷன் எடுக்கிறது.
அது சூடு.
அடியில் கைவைத்தால் அயர்ன் டேபிள்.

முதல் ராத்திரி கறுப்புத் திரை.
இரண்டாம் ராத்திரி ஹாரன் மட்டும் கேட்டது.
மூணாம் ராத்திரி சக்கரமில்லாத பஸ் ஒன்று
தார்ரோட்டுக்கு ஒரு முழம் மேலே மிதந்து
பண்ணாரி வரைக்கும் வந்துவிட்டது.
நான் சிரித்த சத்தத்துக்கு
மேல்வீட்டில் லைட் போட்டார்கள்.

நாலாம் ராத்திரி எல்லாம் வந்தது, எழுத்தைத் தவிர.
எழுத்துக்குப் பதில் கட்டங்கள்,
செக்டு துணிக்குப் போட்ட கிராப் மாதிரி.
முதல் பக்கம் முழுக்கக் கட்டங்கள்.
அதில் என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.
மின்னும் வெளிச்சம், சிலருக்கு,
மருத்துவரைக் கேட்டு.
எல்லா ஆட்டத்திலும் முதல் பக்கம் அதுதான்.

பதினேழு வயதில் ஒருமுறை,
இருபத்திரண்டில் ஒருமுறை.
ஆர்டிஓ ஆபீஸ் தாளில் அந்தக் கேள்விக்கு
ஆம் என்று எழுதினேன்.
"இல்லைன்னு எழுதியிருக்கலாம்டி" என்றாள் பூங்கோதை,
ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டே.

மூணாவது வரிசை, ஏழு கட்டம்.
எண்ணிக் கண்டுபிடித்து
எதிர்லாரி லைட்டை மட்டும் அணைத்தேன்.
பிறகு முதல் கியர்.

கோபிக்காரர் யாரோ பொழுதத்துப்போய்
வளைவு வளைவாய் வரைந்து வைத்த திம்பம்.
விநாடிக்குப் பதினாலு படம்.
மலை விட்டுவிட்டு வருகிறது.
கண்டக்டர் விசில் இரண்டு விநாடி பிந்தி வருவதால்
விசிலுக்கு முன்பே கிளம்பப் பழகிக்கொண்டேன்.
பக்கக் கண்ணாடி இரண்டும் கறுப்பு.
பின்னால் வருவதை மொழிபெயர்க்க
நடு ஆளுக்குத் தெரியவில்லையாம்.
ஒன்பதாவது வளைவில் கரும்பு லாரி நின்றிருந்தது.
அதன்மேல் யானையின் நிழல் விழுந்தது.
யானை வரவேயில்லை.
ஆனாலும் ஹாரன் அடிக்காமல்
அது தின்று முடிக்கும் வரை நின்றேன்.

நிஜத் திம்பத்தில் இந்நேரம் கேட் போட்டிருப்பார்கள்.
லைசென்ஸ் வைத்திருக்கிற யாரும்
இப்போது அங்கே ஏற முடியாது.

இருபத்திமூணாவது வளைவில் எல்லாம் உறைகிறது.
தினமும் அங்கேதான்.
ஸ்டியரிங் பாதி திரும்பி,
பயணிகள் வலப்பக்கம் சாய்ந்தபடி,
ஒரு பையனின் கையில் முறுக்கு.
சேமிக்கவும் முடியாது.
நாளைக்கும் பண்ணாரியிலிருந்துதான்.

காலை ஏழே காலுக்கு டவுன்பஸ்.
டிரைவருக்கு நேர் பின்சீட்டில் இடம் கிடைத்தது.
புஷ்பா தியேட்டர் திருப்பம் வரைக்கும்
அவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.
கிளட்சைக் கொஞ்சம் சீக்கிரம் விடுகிறார்.
சொல்லவில்லை.