இருபத்தெட்டு

மயக்க ஊசி வேண்டாம் என்றார் நோல்பெர்த்தோ மில்யாலோன்கோ.
நாலரை மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும்,
அது படகேறிச் சிலோயே தீவுக்குப் போகும்.
ஊசி போட்டவரைத் தனியே அனுப்ப மாட்டோம்;
கூட வர ஆளில்லை.
தொண்டைக்கு மரப்பு மருந்து மட்டும் அடித்தாள் யஸ்னா.
வாயில் வளையம். இடப்பக்கம் சாய்ந்த உடம்பு.
கண்கள் திறந்தே இருந்தன.

பதினேழு வருட நெஞ்செரிச்சல்.
கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கடியில்
மீன்தீவனப் பெட்டி இரண்டை வைத்து
தூக்கம் என்ற பெயரில் சறுக்கிக்கொண்டிருக்கிறவர்.
மாத்திரை போட்டால் அடங்கும்,
விட்டால் விடியுமுன் புளித்து மேலேறும்.
கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள்.
இது கையில் இல்லையே.
ஒரு மீட்டர் நீளக் கண்ணாடியோடு
உள்ளே இறங்கினேன்.

முதலில் வெள்ளை வெளிச்சம்.
முத்துப்போல் வெளிறிய சுவர்.
முப்பத்தாறாம் சென்டிமீட்டரில்
கீழிருந்து மேலே நக்கும் நாக்குகள்.
அமிலம் தாளாத தோல்
குடலின் சட்டையை இரவல் வாங்கி
மாட்டிக்கொண்டிருக்கிறது.
"சுற்றளவு இரண்டு, உச்சம் நான்கு."
யஸ்னா எழுதிக்கொண்டாள்.
இந்த அளவுமுறைக்கு ப்ராக் என்று பேர்.
அந்த ஊருக்கு நாங்கள் இருவருமே போனதில்லை.

"சால்மன் நிறம்" என்றேன் அடுத்து,
பாடப்புத்தகம் சொன்னதையே சொல்லும் பழக்கதோஷம்.
கட்டிலில் கிடந்த உடம்பு லேசாகக் குலுங்கியது.
சிரிக்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

படிவத்தில் இருந்ததுதான், நான் படிக்கவில்லை:
தொழில், சால்மன் ஆலையில் தரம் பிரிப்பவர்.
இருபதிலிருந்து முப்பத்துநான்கு வரை
எண்ணிட்ட நிற விசிறியை
அறுத்த மீனோடு வைத்துப் பார்க்கிற வேலை.
ஷிஃப்டுக்கு நாலாயிரம் மீன்.
நான் ஒரே சொல்லில் தாண்டிய இடத்தில்
அவருக்குப் பதினைந்து நிறம்.

பொத்தானை அழுத்தினேன்.
அறை நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே போய் நின்றது.
ரத்த நாளங்கள் பழுப்பு நூலாக எழுந்தன.
உருப்பெருக்கினால் மேடும் பள்ளமும்,
காற்று வாரிவிட்ட மணல் மாதிரி.
ஒழுங்கு. ஒழுங்கு. எங்கும் ஒழுங்கு.
ஒழுங்கைப் பார்த்துப் பார்த்துக் கண் சோம்பிவிடும்.

பிறகு காடி.
ஆமாம், ஊறுகாய்க்கு ஊற்றுகிற அதே காடிதான், நீர் கலந்து.
புளிப்பால் வெந்த இடத்தில் இன்னும் புளிப்பு,
எரிந்த வீட்டு வழக்கில்
நெருப்பையே சாட்சிக்கு அழைப்பதுபோல.
சுவர் முழுக்கப் பனி விழுந்தது.
இனி எண்ண வேண்டும்:
கெட்ட இடம்தான் முதலில் வெளுப்பை இழக்கும்.

பத்து. பதினைந்து.
ஆறு மணித் திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
இருபத்திரண்டில்
போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்தது.
உப்பில் வெடித்த விரல்
திரையின் மேல்மூலையைக் காட்டியது.
இரண்டு மணித் திசை.
எனக்கு எதுவும் தெரியவில்லை.
இருபத்தேழில் தெரிந்தது,
பனிக்குள் பயறளவு சிவப்பு.

அறிக்கையில் "காணப்பட்டது" என்று எழுதினேன்.
யாரால் என்று கேட்க
அந்தப் படிவத்தில் கட்டமில்லை.

இடுக்கி நாலு துணுக்கு கடித்தெடுத்தது.
வளையத்தைக் கழற்றியதும்
எச்சிலைத் துடைத்தபடி அவர் கேட்டது
புற்றா என்று அல்ல.
"நீங்கள் வெள்ளையடிக்கும் முன்பே பார்த்தேன், டாக்டர்.
சுற்றிலும் இருபத்தைந்து. அது மட்டும் இருபத்தெட்டு.
எங்கள் ஆலையில் இருபத்தெட்டுக்கு நல்ல விலை.
இங்கே எப்படி?"

மூன்று வாரம் ஆகும் என்றேன்.
துணுக்குகள் மிதக்கும் குப்பியை வாங்கி
வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு
யஸ்னாவிடம் கொடுத்தார்.

ஜன்னல் வழியே பார்த்தேன்.
புவெர்த்தோ மோன்த் மழையில்
பேருந்தை நோக்கி ஓடுகிறார்.
ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாதீர்கள் என்று
இரண்டு முறை சொல்லியிருந்தோம்.
கையில் ரொட்டி, பாதி இல்லை.