கால் சுற்று

லோயர் கேம்ப்பில், வேப்பமரத்தடியில்
பானட்டைத் திறந்து வைத்தால்
மலையிலிருந்து இறங்கும் குழாய்கள் தெரியும்.
உள்ளே தண்ணீர் இரைவது இங்கே கேட்காது.
எனக்குக் கேட்க வேண்டியதும் அதுவல்ல.

வெள்ளை பென்ஸ். எண்பத்து மூன்றாம் வருஷத்தது.
குவைத்திலிருந்து கப்பலில் கொச்சி,
கொச்சியிலிருந்து ஆனவிலாசம் ஏலத்தோட்டம்.
கார்புரேட்டர் இல்லை. கம்ப்யூட்டரும் இல்லை.
உள்ளே போகும் காற்று ஒரு தட்டைத் தூக்கும்,
தட்டு எவ்வளவு எழுகிறதோ அவ்வளவு பெட்ரோல்.
நடுவே ஒரு துளை, துளைக்கடியில் ஒரு திருகு.
மூன்று மில்லி சாவி போகும்.
விரல் போகாது, கண் போகாது.

வலம் திருப்பினால் பெட்ரோல் கூடும். இடம், குறையும்.
அதுவும் கால் சுற்று, இல்லையென்றால் அதில் பாதி.
திருப்பியதும் சாவியை உருவ வேண்டும்,
ஆக்சிலேட்டர் கம்பியை ஒருமுறை இழுத்துவிட வேண்டும்,
பிறகு சும்மா நிற்க வேண்டும்.
சும்மா நிற்பதுதான் பலருக்கு வராது.

ஷைபி குரியாக்கோஸ் ஏலக்காய் மணத்தோடு இறங்கினார்.
"நிக்கும்போ ஒரு குழப்பமும் இல்லை.
ரெண்டாம் வளவு கழிஞ்ஞா கரும்புகை.
பின்னாடி வந்த ஜீப்புக்காரன் ஜன்னலை ஏத்திட்டான்."
பாதி என் பேச்சு, பாதி அவர் பேச்சு.
எது எங்கே முடிகிறதென்று
செக்போஸ்ட்டில் கேட்டாலும் சொல்லமாட்டார்கள்.

நான்கு பிளக்கையும் கழற்றி தினசரித் தாளில் வைத்தேன்.
பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டியவை
தோசைக்கல்லின் அடிப்புறமாக இருந்தன.
இந்த நிறத்துக்கு மருந்து தெரியும்: இடம், கால் சுற்று.

திருப்பினேன்.
எஞ்சின் பல் கிட்டி நடுங்கி நின்றுபோனது.
வலம் வைத்தால் ஓடும், மலையேறினால் புகையும்.
இடம் வைத்தால் புகையாது,
ஓடினால்தானே புகைய.

டீ இரண்டு முறை வந்தது.
ஸ்ப்ரே டப்பாவை எடுத்தேன்,
கண்ணுக்கு எட்டாத அடிப்பக்கமெல்லாம்
கொஞ்சம் கொஞ்சமாகப் பீச்சினேன்.
தட்டுக்குக் கீழே, ரப்பர் மடிப்பில் பட்டதும்
குரலை உயர்த்தியது எஞ்சின்,
சந்தைக் கூட்டத்தில் பேர் சொன்னதும்
திரும்பிப் பார்க்கிறவன் மாதிரி.

எல்லாவற்றையும் தூக்கிக் கழற்றிப் பார்த்தால்
ஒரு விரல் நீளம் வெடிப்பு.
தட்டை அசைக்காமல், கணக்கில் வராமல்
காற்று அந்த வழியாகப் போயிருக்கிறது,
செக்போஸ்ட்டைத் தொடாமல்
காட்டுப் பாதையில் மலையேறும் ரேஷன் அரிசி போல.
அதற்கு ஈடாக யாரோ
திருகை வலம் முறுக்கி வைத்திருக்கிறார்கள்.
நிற்கிற வண்டிக்கு அந்தக் கணக்கு சரி.

யாரோ.
பில் புத்தகத்தைப் புரட்டினேன்.
இரண்டு வருஷம் முன்பு, ஆவணி:
ஆனவிலாசம் வெள்ளை பென்ஸ், ஐடிலிங் சரிசெய்தது, எழுநூறு.
என் கையெழுத்துதான்.
ஷைபியின் தம்பி கொண்டுவந்திருந்தான்.
நின்ற வண்டி ஓடியது, கை குலுக்கிவிட்டுப் போனான்.
எத்தனை கால் சுற்று என்று நான் எழுதி வைக்கவில்லை.

மூன்றாம் நாள் கோட்டயம் பஸ்ஸில் ரப்பர் வந்தது,
டிரைவர் சீட்டுக்குப் பின்னால், ஒரு பலாப்பழத்தோடு சாய்ந்து.
மாட்டினேன். இடம், கால். நின்றேன்.
கால். நின்றேன்.
கால். பிறகு அதில் பாதி.
முக்காலே அரைக்கால். இம்முறை குறித்துக்கொண்டேன்.

மலையேறினோம். அவர் ஓட்ட, நான் பக்கத்தில்.
இரண்டாம் வளைவு தாண்டியதும் சொன்னேன்,
அன்று முறுக்கியது நான்தான் என்று.
சொல்லிவிட்டுச் சும்மா இருந்தேன்.
ஒரு வளைவு. இன்னொன்று. கியர் மாற்றினார்.
"எழுநூறும் தம்பியோட பைசா.
ஓணத்துக்கு வருவான், அவன்கிட்ட சொல்லிக்கோ."

கண்ணாடியில் பார்த்தேன்.
பின்னால் ஒரு ஜீப், ஜன்னல் இறங்கியிருந்தது,
முழங்கை வெளியே.