நியூட்ரலில்

புல்வெட்டும் தட்டைக் கழற்றிச்
சுவரில் மாட்டிப் பதினோரு வருஷம்.
அதில் குளவி கூடு கட்டியிருக்கிறது.
டிராக்டர் மட்டும் உழைக்கிறது.
பதினெட்டுக் குதிரைத்திறன்,
கிழிந்த இருக்கைமேல் உரச்சாக்கு,
மூக்கில் வெண்டல் பற்றவைத்த இரும்புக் குமிழ்,
பின்டயர்களுக்குள் காரின் கண்ணாடி கழுவும் நீலத் தண்ணீர்.
பாரத்துக்கு. உறையாது.

மிச்சிகனின் வட ஓரம். ஏரிக்காற்று.
மூன்று வண்டி நிற்கும் கொட்டகை,
முற்றத்தில் பதினான்கு.
எதுவும் தானாக நகராது.
நகர்ந்தால் எங்களிடம் ஏன் வருகிறது?

காலையில் வெளியே, மாலையில் உள்ளே.
ஒரு கட்டம் காலியாக விட்டு
எண்களை நகர்த்தும் பிள்ளை விளையாட்டுப் போல:
பெல்கி அம்மாளின் ப்யூக்கை எடுக்க
தபால்காரரின் வேனை நகர்த்து,
வேனை நகர்த்த
கியர்பெட்டி இல்லாத பிக்கப்பை நகர்த்து,
பிக்கப்பை நகர்த்த...
அதன் அடியில் யார் விட்ட ஜாக்கி?

அவன் டிராக்டரில்.
நான் செத்த வண்டியின் ஸ்டியரிங்கில்.
இதற்கு இரண்டு பேர் வேண்டும்.
மார்ச் மாதம் நீதிபதி
வீட்டைப் பிரித்தார், படகைப் பிரித்தார்,
நாயை எனக்கு எழுதினார்.
கொட்டகையில் லிஃப்ட் ஒன்றுதான்.
அதை அறுத்துப் பாதி கொடுக்க
அவரிடம் வெட்டுக்கத்தி இல்லை.

ஆகவே பேசுவதில்லை. கை காட்டுகிறோம்.
உள்ளங்கை கீழே: மெல்ல.
இரண்டு விரல்: இடப்பக்கம்.
முஷ்டி: நில்.
இருபத்தாறு வருஷக் கல்யாணத்தில்
இவ்வளவு தெளிவாக
நாங்கள் ஒன்றும் சொல்லிக்கொண்டதில்லை.

எஞ்சின் இல்லாத காருக்குள்
டயர் உருளும் சத்தம் மட்டும் கேட்கும்.
ஸ்டியரிங் கல்லாய்க் கனக்கும்.
பிரேக்கை மிதித்தால்
தரையை மிதித்தது போலிருக்கும்.
யார் யாரோ விட்டுப்போன சில்லறை,
ஒற்றைக் கையுறை,
குழந்தை கடித்து வைத்த பிஸ்கட்.
பின்கண்ணாடியில் அவன் முகம்,
சட்டம் போட்ட படம்.
அங்கே பார்த்துக்கொள்கிறேன்.
நேரில் பார்ப்பதில்லை.

ஜனவரியில் ஒரு நாள், ஐந்தரைக்கே இருட்டு.
ஹெய்க்கினெனின் பழைய லாரி,
முன்னால் பனி தள்ளும் பிளேடு, மூன்று டன்.
சரிவில் பின்பக்கமாக ஏற்றுகிறோம்.
பாதி வழியில் அவன் சக்கரச் சங்கிலிகள்
பனிக்கட்டியைச் சீவத் தொடங்கின.
டிராக்டர் இழுப்பது நின்றது.
லாரி இழுக்கத் தொடங்கியது.
நெடுஞ்சாலை கீழே, மரலாரிகளின் விளக்குகள்.
பிரேக்கின் மேல் எழுந்து நின்றேன்.
கண்ணாடியில் அவன் ஆடிக்கொண்டே வருகிறான்,
இறங்கவில்லை, முட்டாள்.

"குதி!" என்றேன்.
"பிளேடை இறக்கு, ரௌனி!" என்றான்.
ஒரே நேரத்தில்.
பத்து மாதத்தில் முதல் வார்த்தைகள்,
ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.

கம்பியை இழுத்தேன்.
இரும்பு பனிக்கட்டியில் இறங்கிக்
கத்திய கத்தலில்
நாய் கொட்டகைக்குள் ஓடியது.
சாலைக்கு ஆறடி இருக்கும்போது நின்றது.

டிராக்டர் குறுக்கே திரும்பி
ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.
வால்வு பிய்ந்த டயரிலிருந்து
நீலம் வழிந்துகொண்டிருந்தது,
வெள்ளைப் பனியில், அவசரமில்லாமல்.
இருவரும் அதைப் பார்த்தோம்.
"ட்யூப் வாங்கணும்" என்றான்.
"லேபோ கடையில இருக்கும்" என்றேன்.
அவ்வளவுதான்.

மறுநாள் காலை
ஹெய்க்கினென் பேரன் வந்து
லாரியை இழுத்து உள்ளே விட்டுப் போனான்.
டிராக்டரை நகர்த்த டிராக்டர் இல்லை.
அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்,
தோள் கொடுத்துத் தள்ளினோம்.
இரண்டு பேரும் தள்ளினால்
ஸ்டியரிங் பிடிக்க ஆள் இல்லை.
கோணலாகத்தான் போனது,
காலிக் குளவிக்கூட்டுச் சுவர்வரை.
முட்டி நின்றதும்
பழக்கதோஷத்தில் நான் முஷ்டி காட்டினேன்.
அவன் பக்கத்தில்தான் நின்றான்.